கறுப்பு மையும் கறுப்பு உடலும்: ஒத்தெல்லோவின் இரண்டு பதிவுகள்

நாடகம் என்பது நடந்து முடிந்ததும் இல்லாமல் போகிற ஒன்று. மறுநாள் அதே நடிகர் அதே மேடையில் அதே வசனத்தைப் பேசினாலும் அது வேறு நாடகம்தான். பார்த்தவர் ஞாபகத்தில் கொஞ்ச காலம் இருக்கும், விமர்சகர் எழுதி வைத்ததில் கொஞ்சம் ஒட்டிக் கிடக்கும். பிறகு பார்த்தவரும் செத்துப் போவார். 1604 நவம்பர் 1-ஆம் தேதி லண்டன் வொய்ட்ஹால் அரண்மனையில் ‘ஒத்தெல்லோ’ நடந்ததற்கு நம்மிடம் இருப்பது அரசவைக் கேளிக்கைக் கணக்கேட்டின் சிறு பதிவுதான். ரிச்சர்ட் பர்பேஜ் எப்படி நடித்தார், அரசன் கொட்டாவி விட்டானா, ஒன்றும் தெரியாது. நல்லதுதான் என்றுகூடச் சொல்லலாம். எந்தச் சாட்சியமும் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை, புகழும் இல்லை.

சினிமாக் காமிரா வந்ததும் இந்த வசதி போயிற்று. மேடை நாடகத்தைப் படம் பிடித்து வைப்பதைப் பெரும்பாலும் பெருமைக்காகத்தான் செய்கிறார்கள். ஒரு மகா நடிகரின் மகா நடிப்பை வருங்காலத்துக்குச் சேமிக்க வேணும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் சேமித்து வைத்த பொருள் சேமித்தவர் சொன்னபடி கேட்பதில்லை. பெருமைக்காக எடுத்த படம் ஐம்பது வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. வால்டர் பெஞ்சமின் 1930-களில் இயந்திர மறு உற்பத்தி பற்றி எழுதும்போது, காமிராவுக்கு முன்னால் நிற்கும் நடிகனிடமிருந்து மேடைக்குரிய ஒளிவட்டம் கழன்று விடுகிறது என்றார். நாம் இங்கே பார்க்கப் போவது அதற்கும் ஒரு படி மேலே. ஒளிவட்டம் கழன்ற பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது? ஒத்தெல்லோ விஷயத்தில் மிஞ்சுவது தோல். ஒரு பதிவில் பூசிய தோல், இன்னொன்றில் பூசாத தோல்.

முதல் பதிவு 1965-இல் எடுத்தது. ஜான் டெக்ஸ்டர் இயக்கிய இங்கிலாந்து தேசிய அரங்கின் தயாரிப்பை ஸ்டுவர்ட் பர்ஜ் படமாக்கினார். ஒத்தெல்லோ லாரன்ஸ் ஒலிவியர். இரண்டாவது, ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் 1987-இல் ஜேனட் சூஸ்மன் இயக்கி, 1988-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக ஒளிநாடாவில் பதிவானது. ஒத்தெல்லோ ஜான் கனி. முதலாவது உலகத்து நாடகப் பள்ளிகளில் எல்லாம் பாடமாக இருந்தது. இரண்டாவதை அக்கறை உள்ளவர்கள் தேடிப் பார்த்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு, ‘சிறந்த நடிப்பு’ என்று நாம் எதைச் சொல்லிக் கொண்டு வந்திருக்கிறோம் என்பதிலேயே சந்தேகம் வந்துவிடும்.

முதலில் மையைப் பற்றி. ஷேக்ஸ்பியரின் மேடையில் ஒத்தெல்லோவும் வெள்ளை ஆண், டெஸ்டிமோனாவும் வெள்ளை ஆண். ஒருவர் முகத்தில் கரி, மற்றவர் உடம்பில் பெண் உடை. கறுப்பனும் அங்கே இல்லை, பெண்ணும் அங்கே இல்லை. இல்லாத இரண்டு பேரைப் பற்றி இருப்பவர்கள் கட்டிய கதை அது. இதை மறக்காமல் வைத்துக் கொள்வது நல்லது.

வொய்ட்ஹாலில் ஒத்தெல்லோ நடந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. 1605 ஜனவரியில் அதே அரண்மனையில் பென் ஜான்சன் எழுதிய ‘கருமையின் மாஸ்க்’ நடந்தது. ஆன் ராணியும் அவருடைய சீமாட்டிகளும் நைஜர் நதியின் புத்திரிகளாக வேஷம் கட்டி, முகமூடி அணிவதற்குப் பதிலாக முகத்திலும் கையிலும் முழங்கை வரை கறுப்பைப் பூசிக் கொண்டு வந்தார்கள். டட்லி கார்ல்டன் என்கிற பிரபு இதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்துக் கடிதம் எழுதினார். ஸ்பெயின் தூதர் ராணியின் கையை முத்தமிட மறக்கவில்லையாம், உதட்டில் கறை பட்டுவிடும் அபாயம் இருந்தும் முத்தமிட்டாராம். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு பயம் இருக்கிறது. கறுப்பு ஒட்டிக் கொள்ளும் என்கிற பயம். தொட்டால் தொட்டவருக்கும் வந்துவிடும் என்கிற பயம். அடுத்த நானூறு வருஷத்து ஒத்தெல்லோ சரித்திரத்தை இந்தப் பயத்தின் சரித்திரமாகவே எழுதிவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்மண்ட் கீன் கறுப்பை வெளிர்பழுப்பாகக் குறைத்தார். ஒத்தெல்லோ ஆப்பிரிக்கன் இல்லை, அராபியன் மாதிரி ஒருத்தன் என்று சமாதானம். கோல்ரிட்ஜ் கவிஞர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். அழகான வெனிஸ் பெண் ஒருத்தி அசல் நீக்ரோவைக் காதலிப்பதாக நினைப்பதே விகாரம் என்றார். மேடையில் மை பூசினவன் தொடலாம், அசல் ஆள் தொடக் கூடாது. 1833 மார்ச்சில் கீன் கோவென்ட் கார்டன் மேடையிலேயே ஒத்தெல்லோ வேஷத்தில் சரிந்து விழுந்தார். ஏப்ரலில் அந்த இடத்துக்கு நியூயார்க்கில் பிறந்த ஐரா ஆல்ட்ரிட்ஜ் வந்தார். அசல் கறுப்பர், இருபத்தைந்து வயது. ‘அதீனியம்’ பத்திரிகை கண்ணியத்தின் பெயரால் ஆட்சேபித்தது. அதன் ஆட்சேபம் நடிப்பைப் பற்றியதல்ல. எல்லன் ட்ரீ என்கிற நடிகையின் மேல் அந்த ஆள் கை வைப்பதைப் பற்றியது. இரண்டு இரவுகளோடு ஆல்ட்ரிட்ஜின் கோவென்ட் கார்டன் வாழ்வு முடிந்தது. பிறகு ஐரோப்பாவெல்லாம், ரஷ்யா வரை, சுற்றி நடித்துப் புகழடைந்து 1867-இல் போலந்தின் வூட்ஜ் நகரில் இறந்தார்.

பால் ரோப்சன் கதை இன்னும் நமக்குப் பக்கம். 1930-இல் லண்டனில் பெக்கி ஆஷ்கிராஃப்ட்டோடு நடித்தார். 1943-இல் நியூயார்க் பிராட்வேயில் 296 முறை தொடர்ந்து நடந்தது அவருடைய ஒத்தெல்லோ. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஷேக்ஸ்பியர் அங்கே அவ்வளவு நாள் ஓடியதில்லை. அதை யாராவது முழுப் படமாக எடுத்தார்களா? இல்லை. இசைத்தட்டில் குரல் மட்டும் பதிவானது. அமெரிக்காவில் கலப்பு மணத்தைக் குற்றமாக வைத்திருந்த மாநிலங்கள் அநேகம் இருந்த காலம் அது. 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாது என்றபோதுகூட 16 மாநிலங்களில் அவை மிச்சம் இருந்தன. ஹாலிவுட்டில் எந்த முதலாளி ஒரு கறுப்பர் வெள்ளைக்காரியை அணைப்பதைத் திரையில் அவ்வளவு பெரிசாகக் காட்டுவான்? 1950-இல் ரோப்சனின் கடவுச்சீட்டையே அரசு பறித்துக் கொண்டது, எட்டு வருஷம் தரவில்லை. 1959-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் கடைசியாக ஒத்தெல்லோ ஆனார்.

ஆக அந்த நூற்றாண்டின் மாபெரும் கறுப்பு ஒத்தெல்லோ குரலாக மிஞ்சினார். ஐந்து வருஷம் கழித்து மை பூசி வந்தவர் வண்ணத்தில், அகலத்திரையில் மிஞ்சினார். யாருடைய நடிப்பு ஆவணம் ஆகிறது என்பதில் எப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது.

சரி, ஒலிவியருக்கு வருவோம். ஷேக்ஸ்பியர் பிறந்த நானூறாவது ஆண்டு, 1964 ஏப்ரல். தேசிய அரங்கம் அப்போது ஓல்ட் விக் கொட்டகையில் இருந்தது. ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒலிவியர்தான் அதன் தலைவர். இலக்கிய ஆலோசகராக இருந்த கென்னத் டைனன் எஃப்.ஆர். லீவிஸின் 1937-ஆம் வருஷத்துக் கட்டுரையை எடுத்து வந்து குழுவின் முன் வைத்தார். லீவிஸ் சொன்னது இதுதான்: ஒத்தெல்லோவை இயாகோ ஏமாற்றினான் என்பது அரை உண்மை. ஒத்தெல்லோவுக்குள்ளேயே கேடு இருக்கிறது. தன்னைத்தானே ரசித்துக் கொள்கிறவன், தன் உன்னதத்தில் தானே மயங்கியவன். இயாகோ ஒரு தள்ளு தள்ளுகிறான், இவன் தானாகவே விழுகிறான். பிராட்லி 1904-இல் கட்டிய உன்னத நாயகனை இது கவிழ்த்துப் போட்டது. விமர்சனமாகப் படிக்கும்போது கூர்மையான வாசிப்புதான், மறுக்க முடியாது.

இந்த வாசிப்பை மையோடு சேர்த்தபோதுதான் வில்லங்கம். ஒலிவியர் பயிற்சி எடுத்துத் தன் குரலைக் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். நடையை மாற்றினார், வெறும் கால், கணுக்காலில் வளையம், கையில் ஒற்றைச் சிவப்பு ரோஜா, அதை முகர்ந்தபடி மெதுவாக நடந்து வருகிறார். ஒப்பனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1986-இல் வந்த தன் புத்தகத்தில் அதை அவரே விஸ்தாரமாக, சமையல் குறிப்பு எழுதுவது போல, எழுதியிருக்கிறார். முதலில் உடம்பு முழுக்கக் கறுப்பு, அதன் மேல் ஒரு பழுப்பு, அதற்கும் மேல் ‘நீக்ரோ நம்பர் 2’ என்று பெயரிட்ட இன்னொரு பழுப்பு. கடைசியாக அரை கஜம் ஷிஃபான் துணியால் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் பளபளக்க வைப்பது. ஒப்பனைப் பொருள் கம்பெனி டப்பாவில் ஒரு இனத்தை நம்பர் போட்டு விற்றிருக்கிறான், பாருங்கள்.

நாடகத்தின் மூன்றாவது அங்கத்தில், இயாகோவின் விஷம் ஏறினதும், இந்த ஒத்தெல்லோ கழுத்தில் தொங்கும் சிலுவையைப் பிய்த்து எறிகிறார். மேடையில் இதைப் பார்த்தவர்கள் மிரண்டு போனார்களாம். சும்மா சொல்லக் கூடாது, படத்தில் இன்றைக்குப் பார்த்தாலும் அந்த இடத்தில் அசாத்தியமான சக்தி இருக்கிறது. ஆனால் அந்தச் செய்கை என்ன சொல்கிறது? கிறிஸ்துவமும் வெனிசும் மேலே தடவிய மெழுகு, சுரண்டினால் உள்ளே பழைய காட்டான் இருக்கிறான் என்கிறது. தன்னை ரசிக்கும் மனிதன் ஒருவனைப் பற்றி லீவிஸ் எழுதினார். ஒலிவியரின் உடம்பு அதை ஒரு இனத்தைப் பற்றியதாக மாற்றிவிட்டது. நடிகருக்கு அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி. செய்கைகளுக்கு என்று ஒரு தர்க்கம் உண்டு, நடிகரின் நல்லெண்ணத்தை அது கேட்டுக் கொள்வதில்லை.

காலத்தையும் பார்க்க வேணும். 1958-இல் நாட்டிங் ஹில் கலவரம். 1962-இல் காமன்வெல்த் குடியேறிகளைத் தடுக்கும் சட்டம். ஒத்தெல்லோ மேடையேறின அதே 1964 அக்டோபரில் ஸ்மெத்விக் தொகுதியில் கறுப்பர் அண்டை வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பயமுறுத்தியே ஒரு கன்சர்வேடிவ் வேட்பாளர் ஜெயித்தார். பிபிசி-யில் வெள்ளைப் பாடகர்கள் முகத்தில் கரி பூசி ஆடிப் பாடும் நிகழ்ச்சி 1958-இல் ஆரம்பித்து 1978 வரை ஓடிக் கொண்டிருந்தது, நல்ல கூட்டத்தோடு. தெருவில் மேற்கிந்தியத் தீவுக்காரருக்கு வாடகைக்கு அறை கிடைக்காது. மேடையில் அவருடைய நடையும் உச்சரிப்பும் வேஷமாகப் போற்றப்படும்.

படம் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் மூன்றே வாரத்தில் எடுக்கப்பட்டது. மேடை அரங்க அமைப்பையே கொஞ்சம் பெரிசாக்கிக் கொண்டார்கள், வெளிப்புறம் கிடையாது, கடல் கிடையாது. நடிப்பு அப்படியே. இங்கேதான் காமிரா தன் வேலையைக் காட்டியது. ஓல்ட் விக்கின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி அளந்து வைத்த கண் உருட்டலும் நாக்குச் சுழற்றலும் பனாவிஷன் சட்டகத்தில் ஒரு அடி தூரத்தில் வந்து நிற்கின்றன. மேடையில் ஒளிவட்டமாக இருந்தது இங்கே எண்ணெய்ப் பளபளப்பாகத் தெரிகிறது. மை தெரிகிறது. மைக்குக் கீழே இருக்கிற ஆளும் தெரிகிறார். அதே சமயம் மேடையில் ஒலிவியருக்கு முன்னால் எடுபடாமல் போனதாகச் சொல்லப்பட்ட ஃபிராங்க் ஃபின்லேயின் இயாகோ, காமிராவில் ஆளையே மாற்றிக் கொண்டு வருகிறார். சின்னக் கண் அசைவு, உதட்டுக் கோணல், போதும். அவருக்கு மை இல்லை என்பது மட்டுமல்ல காரணம், அவர் யாரையும் போல ஆகப் பார்க்கவில்லை என்பதும் காரணம்.

1966 தொடக்கத்தில் படம் அமெரிக்காவுக்குப் போனபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி கிரௌதர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: இது கரி பூசிய மின்ஸ்ட்ரல் கூத்தை ஞாபகப்படுத்துகிறது. அமெரிக்காவில் செல்மா ஊர்வலமும் வாட்ஸ் கலவரமும் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் ஒலிவியர், ஃபின்லே, மேகி ஸ்மித், ஜாய்ஸ் ரெட்மன் என நாலு பேரும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றார்கள், யாருக்கும் பரிசு இல்லை. ஃபிரான்ஸ் ஃபனான் 1952-இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ எழுதினார். காலனியக் கல்வி கறுப்பனை எப்படித் தன் தோலுக்கு எதிராக முகமூடி மாட்ட வைக்கிறது என்று காட்டினார். ஒலிவியரின் படம் அதைத் தலைகீழாக்குகிறது. வெள்ளைத் தோல், கறுப்பு முகமூடி. வித்தியாசம் என்னவென்றால், முதல் முகமூடியைக் கழற்ற முடியாது. இரண்டாவதைக் காட்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

இதைச் சொல்லி முடிக்கும்போது நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வராமல் போக மாட்டார். ஒலிவியருக்கு ஒரு வருஷம் முன்னால், 1963-இல், ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசன் கல்லூரி நாடகத்துக்காக ஒத்தெல்லோ ஆகிறார், சாவித்திரி டெஸ்டிமோனா. படுக்கையறைக் கொலைக் காட்சி, ஆங்கில வசனம். சீனப் போர்க் கதைக்கு நடுவே இது எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. நடிகனின் தகுதிக்கு ஒத்தெல்லோ ஒரு பரீட்சை, அதில் தமிழ் நடிகனும் பாஸ் என்று காட்ட வேணும். நடிப்பு என்றால் தான் அல்லாத ஒன்றாக மாறிக் காட்டுவது, மாற்றம் எவ்வளவு தூரமோ நடிப்பு அவ்வளவு பெரிசு என்கிற அளவுகோல் நமக்கும் ஊறிப் போனதுதான். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக் கொண்டு ஜோஹன்னஸ்பர்க் போனால் என்ன ஆகும்?

மார்க்கெட் தியேட்டர் பழைய இந்தியப் பழச்சந்தைக் கட்டிடம். 1976-இல், சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்ட சில நாட்களில், பார்னி சைமனும் மேனி மேனிமும் அதை நாடகக் கொட்டகையாகத் திறந்தார்கள். எல்லா இனத்தாரும் சேர்ந்து உட்காரும் அரங்கு என்பதே அங்கே ஒரு அத்துமீறல். ஜேனட் சூஸ்மன் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து, லண்டன் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பெயரெடுத்த நடிகை. 1987-இல் திரும்பி வந்து இயக்கிய நாடகம் இது. 1986 ஜூனிலிருந்து நாடு முழுக்க அவசர நிலை, பத்திரிகைக்குப் பூட்டு, ஆயிரக்கணக்கில் விசாரணையில்லாக் கைது. புதுசாக ஒரு எதிர்ப்பு நாடகம் எழுதினால் தணிக்கை வரும். நானூறு வருஷத்து இங்கிலீஷ் செவ்வியலை எப்படித் தடை செய்வது? பள்ளிக்கூடத்தில் அவர்களே பாடமாக வைத்திருக்கிறார்களே!

ஜான் கனி யார்? போர்ட் எலிசபெத் பக்கம் நியூ பிரைட்டன் குடியிருப்பைச் சேர்ந்தவர், தாய்மொழி கோஸா. அதல் ஃபுகார்டுடனும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவுடனும் சேர்ந்து ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’, ‘தீவு’ என்ற இரு நாடகங்களை 1972, 1973-இல் உருவாக்கியவர். கறுப்பர்கள் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகத்தில் ‘கலைஞர்’ என்கிற தொழிலே கிடையாது. ஆகவே கனியையும் இன்ட்ஷோனாவையும் ஃபுகார்டின் வீட்டு வேலைக்காரர்கள் என்று பதிந்து வைத்திருந்தார்கள். 1975-இல் இருவரும் நியூயார்க்கில் டோனி விருது வாங்கினார்கள். ஊரில் அரசாங்கத்துக்கு அவர்கள் நடிகர்களே இல்லை. 1976-இல் டிரான்ஸ்கையில் அந்த நாடகத்தைப் போட்டதற்காகக் கைது ஆனார்கள். ‘தீவு’ நாடகத்தில் ராபன் தீவுச் சிறையில் இரண்டு கைதிகள் சோஃபாக்ளிசின் ‘ஆன்டிகனி’யை ஒத்திகை பார்க்கிறார்கள். கற்பனை மட்டும் இல்லை இது. நெல்சன் மண்டேலாவே அந்தச் சிறையில் ஆன்டிகனி நாடகத்தில் கிரியோன் வேஷம் கட்டினார். அங்கே ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு ஒன்றும் கைமாறிக் கொண்டிருந்தது. சன்னி வெங்கடரத்தினம் என்கிற டர்பன் கைதியினுடையது, அட்டை மேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளின் சாமி படங்களை ஒட்டி, இது என் வேதப் புத்தகம் என்று காவலரிடம் சொல்லி வைத்திருந்தார். கைதிகள் தங்களுக்குப் பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டு ‘ஜூலியஸ் சீசர்’ பக்கத்தில் போட்டார். இப்படிப்பட்ட ஒரு வாசிப்பு மரபிலிருந்து வருகிற ஒத்தெல்லோவை லீவிஸுக்குத் தெரியாது.

பதிவைப் பார்த்தால் முதலில் படுவது கனியின் மென்மை. கர்ஜனை இல்லை, ராஜநடை இல்லை. ஜோவன்னா வைன்பர்க்கின் டெஸ்டிமோனாவை அவர் தொடுகிறார், அவளும் தொடுகிறாள், கூச்சமே இல்லாமல், இருவருக்கும் அதில் சந்தோஷம். கலப்புத் திருமணத் தடைச் சட்டம் 1949-இல் வந்தது, ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தை 1950-இல் எல்லா வெள்ளையரல்லாதாருக்கும் விரித்தார்கள். இரண்டும் 1985-இல்தான் நீங்கின. நாடகம் 1987. இரண்டே வருஷம் முன்னால் வரை இந்த மேடையில் நடக்கிற ஒவ்வொரு அணைப்புக்கும் நிஜ வாழ்க்கையில் ஜெயில். அதே 1985-இல் கேப் டவுனில் ஸ்டிரின்ட்பெர்கின் ‘மிஸ் ஜூலி’யில் கனி வெள்ளை நடிகையை முத்தமிட்டபோது பார்வையாளர்கள் எழுந்து வெளியே போனார்கள். ஆல்ட்ரிட்ஜ் மேல் ‘அதீனியம்’ வைத்த ஆட்சேபம் 152 வருஷம் கழித்தும் நாற்காலியை விட்டு எழுந்து கொண்டிருந்தது.

ரிச்சர்ட் ஹேடன் ஹெய்ன்ஸின் இயாகோ ஆப்பிரிக்கானர் தீவிர வலதுசாரித் தலைவர் யூஜின் டெர்ரபிளாஞ்சின் சாயலில் செய்யப்பட்டவர் என்று அப்போதே பேசப்பட்டது. அசிங்கமான சைகைகள், ஒத்தெல்லோ இல்லாதபோது ஒரு முகம், இருக்கும்போது இன்னொன்று. கோல்ரிட்ஜ் காலத்திலிருந்து இயாகோவுக்கு என்ன காரணம், ஏன் இவ்வளவு வன்மம் என்று விமர்சகர்கள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். ஜோஹன்னஸ்பர்க் பார்வையாளருக்கு அது பிரச்னையே இல்லை. காரணம் வாசலுக்கு வெளியே யூனிஃபார்ம் போட்டு நின்று கொண்டிருந்தது.

கனியின் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிச் சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். செய்யுள் நடை அவருக்குக் கைவரவில்லை, கோஸா வாடை அடிக்கிறது, தாளம் தட்டுகிறது. வெள்ளையன் குரலை ஒரு ஸ்தாயி இறக்கி அயல் உச்சரிப்பைப் பாவனை செய்தால் அது சாதனை. கறுப்பன் தன் நாக்கோடு வந்தால் அது குறை. ஒத்தெல்லோ வெனிசின் மொழியைக் கூலிக்குப் போர் செய்யப் போன இடத்தில் கற்றுக் கொண்டவன். தன் பேச்சு கரடு என்று செனட் சபையின் முன் அவனே சொல்லிக் கொள்கிறான். ஒலிவியர் அதைச் சொல்லும்போது அது தன்னடக்கப் பாவனை, கேட்கிறவர்கள் சிரிக்கலாம். கனி சொல்லும்போது அது அப்படியே நிஜம். பாண்டுக் கல்விச் சட்டம் 1953-இல் வந்தது, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேலைக்காரர் அளவுக்கு மேல் படிப்பு எதுக்கு என்கிற நோக்கத்தோடு. அந்தப் பள்ளியறைகள் அவர் உச்சரிப்பில் கேட்கின்றன. ‘மாறிக் காட்டுகிற’ அளவுகோலில் கனிக்கு மதிப்பெண் குறையும்தான். அந்த அளவுகோல் எங்கே உற்பத்தியானது என்று கேட்டால், கறுப்பு உடல் மேடைக்கு வராமல் பார்த்துக் கொண்ட ஒரு அரங்கில். ஆள் வராததால்தான் அவரைப் போலச் செய்து காட்டுவது உச்சக் கலையாயிற்று.

கறுப்பு நடிகர் வந்துவிட்டதால் பிரதி சுத்தமாகிவிடாது. கானாவில் பிறந்த பிரிட்டிஷ் நடிகர் ஹ்யூ குவார்ஷி 1990-களின் கடைசியில் இதை நேராகவே கேட்டார். ஒத்தெல்லோ என்பது கறுப்பர்கள் நடிக்கவே கூடாத பாத்திரமோ? பொறாமையில் அறிவிழந்து மனைவியைக் கொல்கிற கறுப்பன் என்கிற வெள்ளைக் கற்பனைக்கு அசல் உடம்பைக் கொடுத்து உண்மை ஆக்கிவிடுகிறோமே? பலமான கேள்வி. மை பூசினவர் குறைந்தபட்சம் இது வேஷம் என்று காட்டிக் கொடுத்துவிடுகிறார், அசல் ஆள் அதைக்கூடச் செய்ய மாட்டார். 2015-இல் குவார்ஷி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒத்தெல்லோ நடிக்க ஒப்புக் கொண்டார், லூசியன் ம்சாமட்டி என்கிற கறுப்பர் இயாகோவாக வந்தபோது. அப்போது இனம் மட்டுமே காரணமாக நிற்க முடியாமல் போகிறது. தேசிய அரங்கம் இதில் எவ்வளவு சாவகாசமாக நடந்தது என்றால், ஒலிவியருக்கு 33 வருஷம் கழித்து, 1997-இல் டேவிட் ஹேர்வுட் நடித்தபோதுதான் அங்கே முதல் கறுப்பு ஒத்தெல்லோ.

என் பார்வையில் குவார்ஷியின் கேள்வி லண்டனுக்குப் பொருந்துகிற அளவு 1987 ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பொருந்தவில்லை. அங்கே கொலையை விடக் கல்யாணம்தான் அதிர்ச்சி. பார்வையாளர் மூச்சைப் பிடித்துக் கொள்வது ஐந்தாம் அங்கத்துக்கு அல்ல, முதல் அங்கத்து அணைப்புக்கு. டெஸ்டிமோனா விஷயத்தில் மட்டும் இரண்டு பதிவும் ஏறக்குறைய ஒன்றுதான். மேகி ஸ்மித்தின் டெஸ்டிமோனா பதுமை அல்ல, எதிர்த்துப் பேசுகிறவள். வைன்பர்க்கினுடையது சிரிக்கிற, ஆசைப்படுகிற பெண். இரண்டு பேரையும் நாடகம் ஒரே மாதிரிதான் கழுத்தை நெரிக்கிறது. இரண்டு காமிராவும் கொன்றவனின் துக்கத்தைப் பார்க்கப் போய்விடுகின்றன. ஆணுடைய நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசிய விமர்சனம் (இந்தக் கட்டுரையும் சேர்த்துத்தான்) அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வேகமாகவே நடந்து போகிறது.

2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசை வகுப்பொன்றில் ஒலிவியரின் படத்தைப் போட்டுக் காட்டினபோது மாணவர்கள் கொதித்தார்கள், ஆசிரியர் அந்த வகுப்பை விட்டு விலக நேர்ந்தது. படத்தைக் காட்டக் கூடாது என்பதில் எனக்குச் சம்மதமில்லை. காட்ட வேணும், முழுசாக, ஷிஃபான் துணிக் கதையோடு சேர்த்துக் காட்ட வேணும். சாட்சியை அடைத்து வைத்துவிட்டு விசாரணை நடத்த முடியாது. கூடவே ஜோஹன்னஸ்பர்க் ஒளிநாடாவையும் போட வேணும். அதில் கனியும் வைன்பர்க்கும் கட்டிக் கொண்டு நிற்கிற இடத்தில் நிறுத்தி இதைச் சொல்லலாம்: 1985-க்குப் பிறகு அந்த இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்து கொள்ளலாம். ஆனால் 1950-ஆம் வருஷத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அப்படியே இருந்தது. வெள்ளையர் வட்டாரத்தில் அந்தக் கணவனுக்கு வீடு கிடையாது. நாடகம் முடிந்து ஒப்பனை கலைத்த பிறகு, ஒருவருக்குக் கறுப்பர் குடியிருப்பு, மற்றவருக்கு வெள்ளையர் புறநகர் என்றுதான் சட்டம் வழி பிரித்து வைத்திருந்தது. அந்தச் சட்டம் 1991 ஜூனில் நீக்கப்பட்டது.